குடல் பை அறுவை சிகிச்சை: வயிற்றைத் திறந்தா, துளை வழியா, ரோபோ வழியா?

பெருங்குடலை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் எழும் முதல் கேள்வி, "அப்புறம் மலம் எப்படிப் போகும்?" என்பது. இரண்டாவது கேள்வி இப்போதெல்லாம் "ரோபோவில் செய்வீர்களா?" என்பதாக இருக்கிறது. முதல் கேள்விக்கான பதில் ஓரளவாவது புரிந்தால்தான் இரண்டாவது கேள்வி எவ்வளவு முக்கியம், எந்த இடத்தில் முக்கியம் என்று தெரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

இந்த அறுவை சிகிச்சை பெரும்பாலும் இரண்டு நோய்களுக்குச் செய்யப்படுகிறது. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்சவ்வு புண்ணாகி, ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டே இருக்கும் நோய் இது. மருந்துகள் கைவிட்டபோதோ, சவ்வில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தெரிந்தபோதோ குடலை எடுத்துவிடுவார்கள். மற்றொன்று குடும்ப வழியாக வரும் பாலிப் நோய். இதில் பெருங்குடலுக்குள் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் பாலிப்புகள் என்னும் சிறு சதை முளைகள் தோன்றும். அப்படியே விட்டால் ஏதோ ஒன்று புற்றுநோயாவது கிட்டத்தட்ட நிச்சயம். இரண்டு நோய்களிலுமே பெருங்குடலோடு மலக்குடலையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத்தசையை மட்டும் தொடாமல் விடுவார்கள். மலத்தை அடக்கி வைக்கும் சக்தி அந்தத் தசையில்தான் இருக்கிறது.

பல காலம் வரை இதற்குப் பிறகு ஒரே வழிதான் இருந்தது: சிறுகுடலின் நுனியை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து வைத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டிக்கொண்டு வாழ்வது. இதை ஸ்டோமா என்பார்கள். 1969இல் ஸ்வீடனைச் சேர்ந்த நில்ஸ் காக், சிறுகுடலையே மடித்துத் தைத்து வயிற்றுக்குள் ஒரு சேமிப்புப் பை அமைக்கலாம் என்று காட்டினார். ஆனால் அதைக் குழாய் விட்டுத்தான் காலி செய்ய வேண்டியிருந்தது. 1978இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும், அப்படியொரு பையை ஆசனவாயோடு இணைத்து, பழைய வழியிலேயே மலம் போகச் செய்ததை வெளியிட்டார்கள். அவர்களுடைய பை மூன்று மடிப்பாக, ஆங்கில எஸ் எழுத்தின் வடிவில் இருந்தது. பலருக்கு அதையும் குழாய் வைத்தே காலி செய்யும்படி ஆயிற்று. 1980இல் ஜப்பானைச் சேர்ந்த உட்சுனோமியா இரண்டே மடிப்பில் ஜே எழுத்து வடிவத்தைக் கொண்டுவந்தார். செய்வது எளிது, தானாகவே காலியாகும். இன்று உலகெங்கும் பெரும்பாலும் செய்யப்படுவது இந்த ஜே பவுச்தான்.

சிறுகுடலின் கடைசி 30 முதல் 40 செ.மீ. நீளத்தை இரண்டாக மடித்து, நடுச்சுவரை ஸ்டேப்லரால் (உலோக ஊசிகள் போட்டுத் தைத்து வெட்டும் கருவி) வெட்டித் தைத்து, ஒரே அறையாக்குகிறார்கள். அந்தப் பையின் அடிமுனையை ஆசனவாய்க்குச் சற்று மேலே இணைக்கிறார்கள். இணைப்பு ஆறும்வரை மலம் அந்தப் பக்கம் போகாதிருக்க, பலருக்குத் தற்காலிகமாக ஒரு ஸ்டோமா வைத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மூடுவார்கள். இது இரண்டு கட்ட முறை. உடல் மிகவும் நலிந்திருந்தாலோ, அதிக அளவு ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தாலோ, முதலில் பெருங்குடலை மட்டும் எடுத்து, ஆள் தேறிய பிறகு பை அமைத்து, பிறகு ஸ்டோமாவை மூடுவார்கள். இது மூன்று கட்டம். எல்லாம் முடிந்து உடல் பழகிய பிறகு, நாளொன்றுக்கு நாலிலிருந்து எட்டு முறை போக வேண்டியிருக்கும். இரவில் ஒருமுறை எழுந்துகொள்வதும் சகஜம். முன்புபோல் அவசரமாக ஓட வேண்டியதில்லை என்பதுதான் பெரும்பாலானோர் சொல்லும் பெரிய நிம்மதி.

சிக்கல் இருக்கும் இடம்

வயிற்றைத் திறந்து செய்தாலும், துளையிட்டுச் செய்தாலும், ரோபோவால் செய்தாலும் மேலே சொன்ன வேலை ஒன்றேதான். எடுக்கும் குடல் அதேதான், அமைக்கும் பையும் அதேதான். உள்ளே போகும் வழியும் பிடித்திருக்கும் கருவியும் மட்டுமே மாறுகின்றன. எந்த வழி நல்லது என்று பேசுவதற்கு முன், இந்த வேலையில் எது கடினம் என்று பார்த்துவிட வேண்டும்.

முதல் கடினம், பை கீழே எட்டுவது. சிறுகுடல் வயிற்றுக்குள் தனியாகக் கிடப்பதில்லை. ரத்தக் குழாய்கள் ஓடும் ஒரு சவ்வின் ஓரத்தில் அது தொங்குகிறது, அந்தச் சவ்வின் வேர் முதுகுப் பக்கம் பதிந்திருக்கிறது. பையின் அடிமுனை ஆசனவாய் வரை இழுவிசை இல்லாமல் இறங்க வேண்டும். இழுத்துப் பிடித்துத் தைத்தால் ரத்த ஓட்டம் குறையும், இணைப்பு கசியும். ஆகவே சவ்வின் வேரை முன்சிறுகுடல் வரை விடுவிக்கிறார்கள். சவ்வின் மேற்பரப்பில் ஏணிப்படி போலச் சிறு சிறு குறுக்குக் கீறல்கள் போட்டு நீளம் சேர்க்கிறார்கள். அதுவும் போதாதபோது, ஒரு ரத்தக் குழாயைக் கவ்வியால் சற்று நேரம் அடைத்து, குடலின் நிறம் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு வெட்டுகிறார்கள். உயரமான, பருமனான ஆண்களில் சவ்வு தடித்துக் குட்டையாக இருக்கும். எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் பொறுமையைச் சோதிக்கும் ஆபரேஷன் அது.

இரண்டாவது, இடுப்புக் கூடு. மேலே அகன்று கீழே குறுகும் புனல் அது. அதன் அடியில் மலக்குடலைச் சுற்றியே, சிறுநீர்ப்பைக்கும் பாலுறவு உறுப்புகளுக்கும் போகும் நரம்புகள் மெல்லிய இழைகளாக ஓடுகின்றன. அவை அடிபட்டால் ஆண்களுக்கு விறைப்பிலும் விந்து வெளியேறுவதிலும் கோளாறு வரலாம். பையோடு வாழப்போகிறவர்களில் பலர் இருபது, முப்பது வயதுக்காரர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது, இணைப்பு. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வட்ட ஸ்டேப்லர் என்று ஒரு கருவி. அதன் தலைப்பகுதியைக் கழற்றிப் பையின் அடிமுனைக்குள் வைத்து, சுருக்குத் தையல் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். உடற்பகுதி ஆசனவாய் வழியாக மேலே வருகிறது. தைத்து மூடியிருக்கும் மலக்குடல் அடிக்கட்டை வழியே அதன் கூர்முனை வெளியே எட்டிப் பார்க்கிறது. பையில் இருக்கும் தலையை அதில் பொருத்தினால் 'க்ளிக்' என்று பிடித்துக்கொள்ளும். இங்கே ஒரு கணம் நிறுத்த வேண்டும். பையின் சவ்வு முறுக்கிக்கொள்ளாமல் நேராக இறங்குகிறதா? பெண்களில் யோனியின் பின்சுவர் இடையில் மாட்டவில்லையே? இரண்டையும் பார்த்த பிறகே திருகி இறுக்கி, ஸ்டேப்லரை அழுத்துகிறார்கள். வெளியே எடுத்தால் கருவிக்குள் திசுவாலான இரண்டு வளையங்கள் இருக்கும். இரண்டும் உடையாத முழு வட்டமாக இருக்கின்றனவா என்று விரலில் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு இடுப்புக்குள் தண்ணீர் விட்டு, கீழிருந்து காற்றைச் செலுத்துவார்கள். குமிழி வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இணைப்புக்குக் கீழே விடப்படும் மலக்குடல் துண்டு 2 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. நீளமாக விட்டால் அந்தத் துண்டிலேயே பழைய நோய் தொடரும். 'அறுவை முடிந்தும் ரத்தம் நிற்கவில்லை' என்று வருகிறவர்களில் சிலரின் கதை அங்கேதான் இருக்கிறது.

வயிற்றைத் திறந்து

நடுவயிற்றில் மேலிருந்து கீழாக நீண்ட கீறல். சர்ஜன் கையாலேயே தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து வேலை செய்கிறார். சவ்வில் எங்கே இறுக்கம் இருக்கிறது, துடிப்பு இருக்கிறதா என்று விரலுக்கு உடனே தெரியும். மலக்குடலை அடியில் வெட்ட, குறுக்காக வைக்கக்கூடிய ஸ்டேப்லரை நேராக இறக்கி ஒரே அழுத்தில் முடித்துவிடலாம். பலரும் 'பழைய முறை' என்று ஒதுக்கிப் பேசுவதால், இந்த அனுகூலத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

குறை, கீறலில் இருக்கிறது. வலி அதிகம், எழுந்து நடமாட நாளாகும், புண்ணில் சீழ் பிடிக்கலாம், பின்னாளில் அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம். வெளியே தெரியாத குறை ஒன்றும் உண்டு. திறந்து செய்த வயிற்றுக்குள் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது அதிகம். இதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

துளை வழியாக

லேப்ராஸ்கோபியில் வயிற்றில் நாலைந்து சிறு துளைகள். ஒவ்வொன்றும் 5 முதல் 12 மி.மீ. கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். மேசையைத் தலைப்பக்கம் சாய்த்தால் சிறுகுடல் மேலே சரிந்து இடுப்புப் பகுதி காலியாகிறது. கேமரா காட்டும் படத்தைத் திரையில் பார்த்தபடி, நீண்ட மெல்லிய கருவிகளால் வேலை நடக்கிறது. வெட்டிய குடலை வெளியே எடுக்க ஒரு வழி வேண்டுமே? அடிவயிற்றில் ஓர் குறுக்குக் கீறலோ, ஸ்டோமா வைக்கப்போகும் இடமோ அதற்குப் பயன்படும். பெரும்பாலும் பையையும் அந்தக் கீறல் வழியே வெளியே வைத்துத்தான் அமைக்கிறார்கள். 'கீறலே இல்லாத ஆபரேஷன்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அகன்ற வயிற்றில் பெருங்குடலை விடுவிக்க இந்த முறை அருமையாக உதவுகிறது. குறுகிய இடுப்புக்குள் போனதும் திணறுகிறது. கருவிகள் நேராக இருக்கின்றன, மணிக்கட்டு போல மடங்குவதில்லை. கை வலப்பக்கம் போனால் முனை இடப்பக்கம் போகும். துளை வழியே வரும் ஸ்டேப்லரும் ஓரளவுக்குத்தான் வளையும். அதனால் மலக்குடலை ஒரே அழுத்தில் வெட்ட முடியாமல் இரண்டு மூன்று முறை அழுத்த நேர்கிறது. அழுத்துகளின் எண்ணிக்கை கூடக்கூடக் கசிவு ஆபத்தும் கூடுகிறது என்பது மலக்குடல் அறுவைகளில் திரும்பத் திரும்பக் கண்டது. இதைத் தவிர்க்கவே சில சர்ஜன்கள் மேல்வேலையைத் துளை வழியாகவும், அடிவேலையைச் சிறு குறுக்குக் கீறல் வழியாகவும் முடிக்கிறார்கள். சிலர் கீழிருந்து, ஆசனவாய் வழியாகவே மலக்குடலை விடுவித்து மேலே வருகிறார்கள்.

ரோபோ வழியாக

ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. சர்ஜன் அதே அறையில் ஒரு கன்சோலில், அதாவது கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய விரல் அசைவுகளை, துளைகள் வழியே நுழைந்த கருவிகள் அப்படியே செய்கின்றன. ஆக இதுவும் துளைவழி அறுவைதான். வாயுவும் உண்டு, சாய்வும் உண்டு, குடலை எடுக்கும் கீறலும் உண்டு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அனுமதி பெற்ற டா வின்சிதான் இன்றுவரை அதிகம் பயன்படும் இயந்திரம்.

லேப்ராஸ்கோபியோடு ஒப்பிட்டால் இதில் மூன்று விஷயங்கள் கூடுதல். கருவியின் முனை மணிக்கட்டு போல எல்லாப் பக்கமும் மடங்கும். படம் ஆழத்தோடு, முப்பரிமாணமாகத் தெரியும். கையின் சிறு நடுக்கம் முனைக்குப் போகாது, கேமராவும் யார் கையிலும் ஆடாமல் நிலையாக நிற்கும். இடுப்புப் புனலின் அடிப்பகுதியில், நரம்பிழைகளுக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது இந்த மூன்றும் எவ்வளவு உதவும் என்று விளக்க வேண்டியதில்லை.

இல்லாதது தொடுவுணர்வு. பெரும்பாலான இயந்திரங்களில், எவ்வளவு இறுக்கி இழுக்கிறோம் என்று கைக்குத் தெரியாது. திசு வெளுப்பதையும் விரிவதையும் கண்ணால் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். டா வின்சியில் 2024இல் வந்த மாடலில்தான் இழுவிசையை உணர்த்தும் வசதி சேர்ந்திருக்கிறது. அடுத்த குறை, பெருங்குடல் வயிற்றின் நாலு மூலையையும் சுற்றி வருவது. பழைய ரோபோவில் ஒரு மூலை முடிந்தால் இயந்திரத்தைக் கழற்றி, நகர்த்தி, மறுபடி பொருத்த வேண்டும். 2014க்குப் பிறகு வந்தவற்றில் இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. ஆனாலும் நேரம் அதிகம், செலவும் அதிகம்.

இங்கே ஒரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மூன்று கட்ட முறையில் பெருங்குடல் முதல் கட்டத்திலேயே போய்விடுகிறது. பை அமைக்கும் இரண்டாம் கட்டத்தில் இடுப்புக்குள்தான் முக்கிய வேலை. ரோபோவின் பலம் முழுதாகப் பயன்படுவதும், அதன் பலவீனம் பெரிதாகக் குறுக்கே வராததும் அந்தக் கட்டத்தில்தான். ரோபோ வேண்டுமா என்ற கேள்வியை எல்லாருக்கும் பொதுவாகக் கேட்பதைவிட, இந்த நோயாளிக்கு இந்தக் கட்டத்தில் வேண்டுமா என்று கேட்பது பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆய்வுகள் சொல்வது

திறந்த முறையையும் துளை முறையையும் ஒப்பிட்ட ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு 2009இல் தொகுத்துப் பார்த்தது. 11 ஆய்வுகள், 607 நோயாளிகள். இறப்பிலும் சிக்கல்களிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. துளை முறைக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது, தழும்பு சிறிதாயிற்று. அந்த 11இல் ஒன்றே ஒன்றுதான் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்த ஆய்வு. மற்றவற்றில் யாருக்கு எந்த முறை என்று முடிவெடுத்தவர் சர்ஜனேதான். சுலபமான நோயாளிகள் துளை முறைக்குப் போயிருந்தால், முடிவும் அதற்கேற்ப அழகாகத்தான் வரும். ஒப்பீடு எதைப் படித்தாலும் இந்தச் சந்தேகத்தை ஒரு ஓரமாக வைத்துக்கொள்வது நல்லது.

ரோபோவுக்கு ஆதாரம் இன்னும் மெல்லியது. பை அறுவை பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு மருத்துவமனையின் பழைய பதிவுகளைப் புரட்டி எழுதியவை. சிக்கல்கள் ஏறக்குறைய சமம், நேரம் கூடுதல் என்றே பொதுவாக முடிகின்றன. இதே இடுப்புக்குள் நடக்கும் வேறொரு வேலையில், அதாவது மலக்குடல் புற்றுநோயில், ஒரு பெரிய குலுக்கல் ஆய்வு இருக்கிறது: 2017இல் வெளியான ரோலார், 471 நோயாளிகள். பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது லேப்ராஸ்கோபியில் 12.2 சதவீதம், ரோபோவில் 8.1 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே கணக்கியல் முடிவு. புற்றுநோய் ஆய்வை அப்படியே பைக்குப் பொருத்த முடியாது. இருந்தாலும், ரோபோ என்றாலே பாதி வெற்றி என்ற விளம்பரத் தொனிக்கு அது நல்ல மாற்று மருந்து.

நீண்ட கால விஷயங்களில் வழி எதுவானாலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நாளுக்கு எத்தனை முறை போக வேண்டும், எவ்வளவு அடக்க முடியும் என்பவை அப்படித்தான். பையே வீங்கிப் புண்ணாகும் பவுச்சைட்டிஸ், கொலைட்டிஸ் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு என்றேனும் ஒருமுறை வருகிறது. அதற்கும் கீறலின் நீளத்துக்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் சில வார ஆன்டிபயாட்டிக்கில் அடங்கிவிடும்.

வழியைப் பொறுத்து உண்மையிலேயே மாறுவது, கருத்தரிப்பு. திறந்த முறை அறுவைகளைத் தொகுத்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், குழந்தையின்மை மருந்திலேயே இருந்த பெண்களில் 15 சதவீதமும், பை அறுவைக்குப் பின் 48 சதவீதமும் இருந்தது. முக்கியக் காரணம், மேலே சொன்ன ஒட்டல்கள். கருக்குழாய்கள் இடுப்புக்குள் ஒட்டிக்கொண்டால் முட்டை வந்து சேர வழியில்லை. துளை முறையில் ஒட்டல்கள் குறைவு. 2012க்குப் பிறகு வந்த ஆய்வுகளில், துளை முறைக்குப் பின் கருத்தரித்தவர்கள் அதிகமாகவே இருக்கிறார்கள். குழந்தை பெற நினைக்கும் பெண்ணுக்கு இது முதலிலேயே சொல்லப்பட வேண்டிய தகவல். பெருங்குடலை மட்டும் எடுத்து, ஸ்டோமாவோடு குழந்தை பெற்றுக்கொண்டு, பையைப் பிறகு வைத்துக்கொள்வதும் ஒரு வழிதான். கருக்குழாய்தான் பிரச்சினை என்றால் ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

திறப்பதே சரியாக இருக்கும்போது

குடல் ஓட்டையாகி வயிறெல்லாம் அசுத்தம் பரவிவிட்டது, குடல் பலூனாக உப்பித் தொட்டாலே கிழியும் நிலை, ரத்தம் கட்டுக்கடங்கவில்லை, முன்பே பலமுறை வயிற்று அறுவை நடந்திருக்கிறது, தோற்ற பையைப் பிரித்து மறுபடி அமைக்க வேண்டும், தலைகீழ்ச் சாய்வையும் வாயு அழுத்தத்தையும் இதயமோ நுரையீரலோ தாங்காது: இவற்றில் எது இருந்தாலும் திறந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர் காலத்துக்குப் பின்தங்கியவர் அல்ல. அவசர அறுவை என்றாலே திறந்துதான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. ஆள் நிலையாக இருந்தால் முதல் கட்டத்தைத் துளை வழியாகவே முடிக்கிறார்கள். ஒட்டல்கள் குறைவதால் அடுத்த கட்டம் சுலபமாகிறது.

துளையில் தொடங்கிப் பாதியில் திறப்பதையும் தோல்வி என்று நினைக்க வேண்டாம். இரண்டு மணி நேரம் போராடி, ரத்தம் கொட்டிய பிறகு திறப்பதைவிட, அரை மணியில் 'இது சரிவராது' என்று தீர்மானித்துத் திறப்பது நோயாளிக்கு நல்லது. அப்படி முடிவெடுக்கத் தயங்காத சர்ஜன் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

சந்திப்பில் கேட்க வேண்டியவை இதிலிருந்தே வந்துவிடுகின்றன. வருஷத்துக்கு எத்தனை பை அமைக்கிறீர்கள்? என் விஷயத்தில் எத்தனை கட்டம், ஏன்? எந்த முறையில் உங்கள் கை நன்றாகப் பழகியிருக்கிறது? ரோபோ என்றால், அதில் எத்தனை பை அமைத்திருக்கிறீர்கள்? எப்போது திறந்துவிடுவீர்கள்? கசிவு வந்தால் இரவு இரண்டு மணிக்கு யார் பார்ப்பார்கள்? அதிக எண்ணிக்கையில் செய்யும் மையங்களில் பை நிலைத்து நிற்பதும், சிக்கலில் மாட்டிய பையைக் காப்பாற்றுவதும் நன்றாக நடக்கின்றன. என்னிடம் கேட்டால், வருஷத்துக்கு ஒன்றிரண்டு பை அமைக்கும் ரோபோ மையத்தைவிட, மாதாமாதம் அமைத்துப் பழகிய துளைமுறைக் குழுவையே தேர்ந்தெடுப்பேன்.

தேதி குறித்த பிறகு ஸ்டோமா நர்ஸ் உங்களை உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி, குனியச் சொல்லி, வயிற்றில் மார்க்கர் பேனாவால் ஓர் இடத்தைக் குறிப்பார். எந்த முறையானாலும் இந்தச் சந்திப்பைத் தவறவிட வேண்டாம். தோல் மடியும் இடத்தில் ஸ்டோமா அமைந்துவிட்டால் வெளியே ஒட்டும் பிளாஸ்டிக் பை ஒட்டாமல் கசிந்துகொண்டே இருக்கும், அந்த இரண்டு மூன்று மாதமும் பெரும் அவஸ்தை. பெல்ட்டோ பாவாடை நாடாவோ எந்த இடத்தில் கட்டுவீர்கள் என்பதையும் அப்போதே அவரிடம் காட்டிவிடுங்கள்.